ஆறுமாடியின் பின்படி

நாகல் நகர், திண்டுக்கல்
9 செப்டம்பர் 2024

தமிழ்நிலா,

‘அன்புள்ள’ போட மனம் வரவில்லை. போடவில்லை.

ஆறுமாடி வாசலில் பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ‘வாங்க: இயற்கையோடு இணைந்த உணவகம், விரைவில்.’ அதன் கீழே உன் சென்னை கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே, வடிவமைப்பு: தமிழ்நிலா. ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தவள் இறங்கி நின்று இன்னொரு தடவை வாசித்தேன். ஆட்டோக்காரர், தெரிந்த பிள்ளையா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மதுரையில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம் படிக்கும்போது நாம் இருவரும் சேர்ந்து செய்த புராஜெக்ட் அது. இந்த ஊரின் முதல் ஆறு மாடிக் கட்டடம். அதைவிட உயரமாக எத்தனையோ வந்துவிட்ட பிறகும் பஸ் கண்டக்டர் ‘ஆறுமாடி’ என்றுதான் கத்துகிறார். வக்கீல், ஆடிட்டர், இன்ஷூரன்ஸ் என்று ஆபீசுகள் அடைந்து கிடக்கும் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் உணவகம். நடுவில் உள்ள முற்றத்தின் கூரையைத் திறந்துவிட்டால் சூடான காற்று ஆறு மாடி உயரத்துக்கு ஏறி வெளியே போய்விடும், ஏசி வேண்டாம் என்று கண்டுபிடித்தது நான். நீ அட்டையில் மாடல் செய்தாய். நன்றாகத்தான் வெட்டினாய்.

இப்போது நான் என்ன வரைகிறேன் தெரியுமா? இருபதுக்கு நாற்பது மனையில் வீடு. வாஸ்துக்காரர் சொன்னார் என்று ஒரே கழிப்பறையை மூன்று மூலைக்கும் நகர்த்திவிட்டேன். நான்காவது மூலையில் சாமி இருக்கிறார்.

போன வருஷம் விருது வாங்கிய படத்தை எனக்கு அனுப்பினாயே, அன்றைக்குத்தான் உன் எண்ணை பிளாக் செய்தேன். படத்தில் நீ கட்டியிருந்த புடவை நாம் சேர்ந்து போய் எடுத்தது. அதனால்தான் இது கூரியரில் வருகிறது.

அந்தக் கட்டடம் என்னுடையது. பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. மூன்றாவது மாடியில் எங்கள் அத்தாவின் தோல் வியாபார ஆபீஸ் இருந்தது. லிஃப்ட் என்ற ஒன்றில் நான் முதலில் ஏறியது அங்கேதான். இந்த ஊரின் வெயிலிலும் தூசியிலும் கிடக்கிறவள் நான். அந்த வேலைக்குச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டுமா? வந்தவள் நீயாக இருக்க வேண்டுமா? வேறு எவளாவது என்றால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஜீனத்


சென்னை
17 செப்டம்பர் 2024

ஜீனத்துக்கு,

கூரியர் உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பிரிக்கும்வரை இருந்தது.

நான் உனக்குச் சொல்ல முயலாமல் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. உன் வீட்டுக்கு அழைத்தேன். உங்கள் அம்மா எடுத்து, நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்றார். மறுநாளும் நீ குளித்துக்கொண்டுதான் இருந்தாய்.

வேலையை நான் தேடிப் பிடிக்கவில்லை. கட்டடத்தைப் புதிதாக வாங்கிய சகாயராஜ் சார் எங்கள் கம்பெனிக்கு வந்தார். திண்டுக்கல் தெரிந்தவர் யார் என்று பாஸ் கேட்டபோது கை தூக்கினேன். தூக்காமல் இருந்திருக்க வேண்டுமா? முற்றத்துக் காற்று உன் யோசனை என்று மீட்டிங்கில் சொன்னேன். வெளியாள் பெயரைப் போடும் வழக்கமில்லை என்றார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாம்தான்.

என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். காலியான ஆபீஸ் அறைகளின் தேக்குக் கதவுகளை மேசைகளாக்குகிறோம். மழைத் தண்ணீருக்குத் தொட்டி. கை கழுவும் தண்ணீர் முற்றத்து வாழைகளுக்குப் போகும். முன்சுவரை எடுத்துவிட்டு, ரோட்டிலிருந்து நேராக நடந்து வரும்படி தரையைச் சரிவாக விடுகிறேன். படி கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. வாசலை ஒட்டி நீளமாக ஒரு பொது மேசை. யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம்.

இதில் பாதி உன்னுடையதாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் முழுக்க என்னுடையது. பின்படியை அடைக்கிறேன்.

நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். ஜெனரேட்டருக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு, அதிலிருந்து மேலே போகும் குறுகலான படி, முதல் திருப்பத்தில் விளக்குமாறும் வாளியும் வைக்கும் சின்ன அறை. என் அம்மா சிவனம்மாள் அந்த ஆறு மாடியையும் கூட்டிப் பெருக்கிய காலமெல்லாம் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கினாள். விளக்குமாற்றோடு லிஃப்டில் ஏறக் கூடாது. விளக்குமாறு இல்லாமலும் ஏறக் கூடாது. அவளும் மற்ற பெண்களும் மதியச் சோற்றை அந்த அறையில்தான் தின்றார்கள். பள்ளிக்கூட லீவில் நானும் தின்றிருக்கிறேன், பினாயில் வாசத்தோடு. அந்தப் படியைச் சுவர் வைத்து மூடிவிட்டு, தீ விபத்துக்கான படியைப் பக்கவாட்டில் இரும்பில் கட்டுகிறேன். இனி ஆறுமாடிக்கு ஒரே வாசல். ஆடிட்டரும் அதில்தான் வர வேண்டும், கூட்டுகிறவளும் அதில்தான் வர வேண்டும்.

வரைபடங்களை உள்ளே வைத்திருக்கிறேன். பார். குறை சொல். குறை சொல்வதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

நிலா


நாகல் நகர்
2 அக்டோபர் 2024

நிலா,

கிழித்துப் போடுவதற்காகத்தான் வரைபடங்களை விரித்தேன். நன்றாக இருக்கின்றன. அது இன்னும் எரிச்சல். வாசல் சரிவு எனக்குத் தோன்றியிருக்காது.

குறை கேட்டாய். கை கழுவுகிற தண்ணீர். நம் ஊர்க்காரன் பிரியாணி தின்று கழுவுகிற கையில் பாதி நெய்தான் இருக்கும். அது நேரே வாழைக்குப் போனால் குழாய் அடைக்கும், வேர் அழுகும், முற்றம் நாறும். நடுவில் எண்ணெய் தேங்க ஒரு தொட்டி வை. சென்னைக்குப் போய் ஸ்பூனில் தின்று பழகிவிட்டாயா?

அடுத்தது கதவுகள். மூன்றாம் மாடிக் கதவு ஒன்றில் ‘எம். நூர் முகமது, தோல் வியாபாரம்’ என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டு மேசையாக்குகிறாய். பழமையின் அழகாம். வியாபாரம் நொடித்து ஆபீசைக் காலி செய்த அன்று அத்தா அந்தக் கதவைத் தன் கையால் சாத்திவிட்டு இறங்கி வந்தார். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், நிலா. அவர் பெயரின் மேல் எவனோ எலும்பைத் துப்பவா? இழைத்து எடு.

மிச்சம் ஒன்றுதான், பெரியது. பின்படி அறையை அடைக்காதே.

நாலாம் மாடி ஆடிட்டருக்கு ஒரு தடுப்பு போட்டுக்கொடுக்கிறேன். பார், நானும் ஆறுமாடியில் வேலை செய்கிறேன், பிளைவுட்டில். மதியம் அளவெடுக்கப் போனவள் நீ சொன்ன படியைத் தேடி இறங்கினேன். அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் உள்ளே கேட்ட சிரிப்பு நின்றது. திறந்தவள் பெயர் சைனம்பு. பின்னால் ரோஸ்மேரி என்ற வயதான பெண் காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஒருத்தி தலையை அவிழ்த்துப் போட்டு இன்னொருத்தியிடம் பேன் பார்க்கக் கொடுத்திருந்தாள். கருவாட்டுக் குழம்பு. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பாத்திர மூடியில் வைத்துக் கைமாறிக்கொண்டிருந்தது. என்னை யாரோ சூப்பர்வைசர் என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் ரோஸ்மேரி மறுபடி படுத்துக்கொண்டாள்.

முன்னால் பெரிய மேசை வருகிறது, இனி எல்லோரும் அங்கேயே உட்காரலாமாம் என்று சொல்லிப் பார்த்தேன். சைனம்பு சொன்னாள்: “அங்கன உக்காந்தா மேனேஜர் பாப்பாரு, மேல இருக்கவுக பாப்பாக. சோறு தொண்டையில எறங்காதுக்கா. இங்கன செத்த நேரம் எங்கள யாரும் பாக்க மாட்டாக. அம்புட்டுத்தான் வேணும்.”

நீ கட்டுவது எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற இடம். நாள் முழுக்க யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு வேண்டியது ஒரு தாழ்ப்பாள். படியை என்னவோ செய், அறையை விடு. உனக்கு அடுத்த விருது வாங்கித் தரப்போகிற கோபத்துக்கு அவர்கள் சோற்றைப் பலி கொடுக்காதே.

ஜீனத்


சென்னை
11 அக்டோபர் 2024

ஜீனத்,

எண்ணெய்த் தொட்டியைச் சேர்த்துவிட்டேன். நீ சொன்னது சரி. உங்கள் அத்தாவின் பெயரை இழைத்து எடுக்கச் சொல்லிவிட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் விட்டு வைத்தேன். தப்பு.

பின்படியைப் பற்றி நீ பேசாதே.

ஒரு மதியம் எட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லித்தருகிறாய். சிரித்தார்களாம், பேன் பார்த்தார்களாம். பார்த்துவிட்டு நீ எதில் மேலே போனாய்? லிஃப்டில்தானே?

உன் பொறாமையை எழுதினாய். என்னுடையதையும் கேள். ஒரு லீவு நாளில் படிக்கட்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெள்ளை சாக்ஸ் போட்ட ஒரு பிள்ளை லிஃப்டின் கம்பிக் கதவை இழுத்து இழுத்து விளையாடியது. லிஃப்ட்மேன் சிரித்துக்கொண்டு நின்றார். அது போன பிறகு நான் போய் அந்தக் கம்பியைத் தொட்டேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, என் அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டினார். அந்தப் பிள்ளை நீயாக இல்லாமலும் இருக்கலாம். கல்லூரியில் நீ உன் அத்தாவின் ஆபீசைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து நான் அதை நீ என்றே வைத்துக்கொண்டேன். உன்னோடு ஒரே தட்டில் தின்றபோதும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

நான் அட்டை வெட்டினேன் என்று ஏளனமாக எழுதினாய். தரைப்படம் வரைந்தது நீ. அதில் பின்படி இருந்த இடம் வெறும் கறுப்புக் கட்டம். அப்படி ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு இப்போது நீ காவல் நிற்கிறாய்.

‘அவர்களுக்கு அதுவே போதும்’ என்று பேசுகிற குரலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டபோதும் அந்தக் குரல்தான் வந்தது. உன் எரிச்சலுக்குச் சைனம்புவைத் துணைக்கு இழுக்காதே. இந்தக் கட்டடத்தை நான் தொடுகிறேன், நீ தொடவில்லை. உனக்கு வலிப்பது அது.

சுவர் அடுத்த வாரம் எழும்பும்.

தமிழ்நிலா


நாகல் நகர்
28 ஏப்ரல் 2025

தமிழ்நிலா,

‘வாங்க’ திறந்து சில வாரம் ஆகிறது. கூட்டம் தாங்கவில்லை. இந்தச் சித்திரை வெயிலிலும் ஏசி இல்லாமல் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. வாழைகள் பச்சையாக நிற்கின்றன. உன் பேட்டி பத்திரிகையில் வந்தது. எண்ணெய்த் தொட்டியை ‘நுட்பமான சிந்தனை’ என்று புகழ்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை அடுப்படி அலமாரியில் விரித்து மேலே மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நானும் போய்ச் சாப்பிட்டேன். நன்றாக இல்லை என்று ஊரெல்லாம் சொல்வதற்காகத்தான் போனேன். பிரியாணியில் குறை இல்லை, கட்டடத்திலும் இல்லை. நீள மேசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், எதிரே ஒரு வக்கீல். வக்கீல் தன் தயிர் வெங்காயத்தை டிரைவர் பக்கம் நகர்த்தி வைத்தார். நீ நினைத்தது நடந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

இனி நீ நினைக்காததைக் கேள்.

திறந்த புதிதில் சைனம்புவும் ரோஸ்மேரியும் மற்றவர்களும் டிபன் பாக்ஸோடு அந்த மேசைக்கு வந்திருக்கிறார்கள். நீ சொன்னபடி முன்வாசல் வழியாகத்தான். மேனேஜர் மரியாதையாகப் பேசினானாம். வெளிச் சாப்பாடு கூடாது, இங்கே வாங்கிச் சாப்பிடுவதானால் தாராளமாக உட்காரலாம் என்றிருக்கிறான். மறுநாள் போர்டு வைத்துவிட்டான். அழகான போர்டு. பலகையும் எழுத்தும் நீ தேர்ந்தெடுத்தவை.

உன் சுவரில் சகாயராஜ் ஒரு சின்னக் கதவு வைத்து அந்த அறையை ஸ்டோர் ஆக்கிவிட்டார். உள்ளே காலி எண்ணெய் டின்கள். பெண்கள் முதலில் உன் இரும்புப் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். சித்திரையில் இரும்பில் உட்கார முடியுமா? இப்போது நாலாம் மாடியில், கழிப்பறைக்குப் போகும் நடையில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அவசரமாக விழுங்குகிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவர்கள் காலைத் தாண்டுகிறார்கள். ரோஸ்மேரிக்கு இப்போது படுக்க இடமில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறாள்.

நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லிக்காட்டத்தான் இதை எழுதுகிறேன். உன் சுவர் தப்பாகப் போனது என்று தெரிந்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன். அந்தக் கால்களைத் தாண்டி வந்த பிறகும் தூங்கினேன். என் பொறாமை இந்த லட்சணத்தில் இருக்கிறது. ஆனால் அறையைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை.

ஜீனத்


சென்னை
10 மே 2025

ஜீனத்,

இந்த வாரம் திண்டுக்கல் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை.

ரெட்டியார்சத்திரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆறுமாடிக்குப் போனேன். அவளை முன்வாசலில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது எனக்குப் பல வருஷ ஆசை. அம்மா சரிவில் நடந்து வந்தாள். மேசையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள், பிறத்தியார் வீட்டு விசேஷத்தில் சொல்வதுபோல. பிறகு லிஃப்டில் நாலாம் மாடிக்குப் போனோம்.

நடையில் நீ எழுதியபடியே இருந்தார்கள். ரோஸ்மேரி அம்மாவோடு வேலை பார்த்தவள். அம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எழுந்து வரும்போது, “அந்த ரூம எதுக்குத்தா அடச்ச?” என்று கேட்டாள்.

உனக்காகத்தான் அம்மா என்றேன்.

“என்னயக் கேட்டியா?”

கேட்கவில்லை. சென்னையில் எத்தனையோ பேரைக் கேட்டேன், உனக்கு வரைபடம் அனுப்பிக் கேட்டேன். அம்மாவிடம் கேட்கத் தோன்றவே இல்லை. பின்படியை அவள் வெறுத்தாள் என்று எனக்குத் தெரியும், அதனால் எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன். படியைத்தான் வெறுத்தாளாம். அறையை இல்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த அறையில் நடந்த கூத்துகளை எல்லாம் சொன்னாள். யார் யாருக்குச் சண்டை, யார் யாரைப் போல நடித்துக் காட்டுவாள், எந்த வக்கீலுக்கு என்ன பட்டப்பெயர். எனக்கு ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. பினாயில் வாசம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

சகாயராஜ் சாரிடம் பேசினேன். ஸ்டோர் இல்லாமல் முடியாது என்றார். பாஸிடம் பேசினேன். முடிந்த வேலையைத் திரும்பத் தொடாதே என்றார். நீ உள்ளூரில் இருக்கிறாய், லைசென்ஸ் இருக்கிறது. அந்த அறையை நீ எடுத்துச் செய்வாயா? உன் பெயரில்.

கேட்க எனக்கு முகமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கட்டியதை நீ நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம். நான் கட்டிய எதன் பக்கத்திலும் நான் வசித்ததில்லை. இப்போது எனக்கு அதில் பொறாமை.

நிலா


நாகல் நகர்
6 ஆகஸ்ட் 2025

நிலா,

நீ தின்ற இலையை என்னை எடுக்கச் சொல்கிறாய் என்று தோன்றியது. அதனால் உடனே பதில் போடவில்லை. பிறகு எடுத்தேன். தமிழ்நிலாவின் தப்பைத் திருத்தியவள் என்ற பெயராவது கிடைக்குமே என்றுதான். வேறு நல்ல காரணம் தேடாதே.

முதலில் சகாயராஜிடம் நியாயம் பேசினேன். ‘வாங்க’ என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே இருக்கிறவர்களைக் கழிப்பறை வாசலில் உட்கார வைக்கலாமா என்றேன். ரொம்ப சரிம்மா, ரொம்ப சரிம்மா என்று தலையாட்டினார். ஒரு டின்னைக்கூட நகர்த்தவில்லை.

கருவாடுதான் காப்பாற்றியது. நாலாம் மாடி நடையிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் ஆடிட்டர் அறைக்குள் போய், கணக்குக் காட்ட வந்த வெளியூர்க்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். ஆடிட்டர் இரண்டு வக்கீல்களைச் சேர்த்துக்கொண்டு கீழே போனார். “அவளுகளுக்கு எங்கயாச்சும் ஒரு எடத்தக் குடுத்துத் தொலைங்க சார்” என்று கத்தியிருக்கிறார். மறுநாள் காலையில் சகாயராஜ் எனக்குப் போன் செய்தார். அத்தனை மாதமாக அந்தப் பெண்கள் காலை மடக்கிக்கொண்டு விழுங்கியது யார் கண்ணிலும் படவில்லை. மூக்கில் பட்டதும் அறை கிடைத்துவிட்டது. என் வாதத்தால் கிடைத்தது என்று நான் வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மை உனக்கு மட்டும்.

டின்களை ஜெனரேட்டர் பக்கம் தள்ளினேன். என்ன வேண்டும் என்று சைனம்புவிடமும் மற்றவர்களிடமும் கேட்டேன். உனக்குப் பாடம் காட்டத்தான் கேட்டேன், ஆனால் கேட்டேன். தண்ணீர்க் குழாய் வேண்டும், காலை நீட்ட இடம் வேண்டும், ஜன்னல் வேண்டும், ஆனால் யாரும் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் வேண்டும் என்றார்கள். வருவதும் போவதும் உன் முன்வாசல் வழியாகத்தான். லிஃப்டில் விளக்குமாற்றோடு ஏறலாம் என்று லிஃப்ட்மேனிடம் சகாயராஜை விட்டே சொல்ல வைத்தேன். லிஃப்ட்மேன் முகம் போன போக்கை உன் அம்மா பார்த்திருக்க வேண்டும்.

தாழ்ப்பாளில்தான் சண்டை வந்தது. கதவு சரி, உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம் என்றார் சகாயராஜ். “உள்ள பூட்டிக்கிட்டாத் தூங்கிருவாளுகம்மா.”

“தூங்கத்தான் சார்” என்றேன்.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன். தாழ்ப்பாள் இல்லாத அறைக்கு என் பெயர் வேண்டாம், நீங்களே ஆடிட்டருக்குப் பதில் சொல்லுங்கள் என்று கிளம்பினேன். ஆடிட்டருக்குப் பயந்து சம்மதித்தார்.

நேற்று மதியம் படம் எடுக்கக் கேமராவோடு போனேன். ஒன்று உனக்கு அனுப்ப, ஒன்று என் ஆபீஸ் சுவரில் மாட்ட. மற்றவர்கள் பார்க்கட்டும், முக்கியமாக நீ பார் என்று. கதவைத் தட்டினேன். உள்ளே ரோஸ்மேரியின் குரல், யாரென்று கேட்டது. ஜீனத் என்றேன்.

“செத்த நேரம் கழிச்சு வாத்தா. சாப்புட்டுக்கிட்டு இருக்கோம்.”

நான்தான், இந்த ரூமைக் கட்டியவள் என்றேன்.

“தெரியுது. கழிச்சு வா.”

தாழ்ப்பாள் அசையவில்லை. உள்ளே எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பற்றியும் இருக்கலாம். யாரோ யாரையோ போலப் பேசிக்காட்டினாள், மறுபடியும் சிரிப்பு. வெளியே கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு உன் ஞாபகமே வரவில்லை, நிலா. உள்ளே இருக்கிறவர்கள் மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது. நான் எந்த இடத்திலும் அப்படிச் சிரித்ததில்லை.

நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். படம் இல்லை. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஜீனத்